செட்டிநாட்டுக்கு ஒரு டிக்கெட்

போன தை மாதம் சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவர் காரைக்குடி பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் செய்தார். “செட்டிநாட்டுக்கு ஒரு டிக்கெட்னு கேட்டேன். கண்டக்டர் ‘எந்த ஊர் சார்?’னு என்னையே கேட்கிறார். எந்த ஊர்னு சொல்ல?”

சிரித்துவிட்டேன், ஆனால் தப்பு அவர் மேல் இல்லை. செட்டிநாடு என்பது ஒரு வட்டாரத்தின் பெயர். சிவகங்கை மாவட்டத்திலும் புதுக்கோட்டை மாவட்டத்திலுமாகச் சிதறிக் கிடக்கும் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) ஊர்கள் எல்லாம் சேர்ந்ததுதான் அது. ஒரு காலத்தில் 96 ஊர் என்பார்கள், இன்றைக்கு எழுபது சொச்சம். இதில் குழப்பம் என்னவென்றால், ‘செட்டிநாடு’ என்று ஒரு ரயில் நிலையமும் இருக்கிறது. அது இருப்பது கானாடுகாத்தானில். எல்லா ரயிலும் அங்கே நிற்காது. ஆகவே காரைக்குடிக்கே டிக்கெட் எடுங்கள். சென்னை எழும்பூரிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் வருகிறது. ராமேசுவரம் போகும் இரவு ரயில்கள் சிலவும் காரைக்குடி வழியாகத்தான் போகின்றன. விமானம் என்றால் மதுரை அல்லது திருச்சி. இரண்டிலிருந்தும் காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம்.

முதல் தடவை வருகிறவர்களுக்கு எழுதுகிறேன். ஒரே நாளில் ஒன்பது கோயில், நான்கு அரண்மனை, ஒரு கோட்டை என்று பட்டியல் போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மாலையில் அவர்களிடம் எந்த வீட்டில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் போனைத் திறந்து போட்டோ பார்த்துத்தான் சொல்வார்கள். இரண்டு இரவு தங்குங்கள். கானாடுகாத்தான், ஆத்தங்குடி என இரண்டு ஊர் போதும். மிச்சமெல்லாம் போகிற வழியில் கிடைத்தால் லாபம்.

எப்போது வருவது, எங்கே தங்குவது

கார்த்திகை முதல் மாசி வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழை இருக்கும். ஆனால் மழையில் ஒரு செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தைப் பார்ப்பது தனி அனுபவம், அதைப் பிறகு சொல்கிறேன். சித்திரை, வைகாசியில் வராதீர்கள். இது பொட்டல் பூமி, வெயில் இரக்கம் காட்டாது. கோயில் பிராகாரத்துக் கல்லில் வெறுங்காலோடு ஓடிய பிறகு நான் சொன்னது நினைவுக்கு வரும்.

செலவு குறைவாக வேண்டும் என்றால் காரைக்குடியில் சாதாரண லாட்ஜுகள் உண்டு. பழைய வீட்டிலேயே தூங்க வேண்டும் என்றால் கானாடுகாத்தானிலும் பக்கத்து ஊர்களிலும் விடுதியாக மாற்றிய வீடுகள் இருக்கின்றன, வாடகை கூடுதல். ஒரு இரவாவது அங்கே தங்கினால் நல்லது. காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தானுக்குச் சுமார் 15 கிலோமீட்டர். டவுன் பஸ் உண்டு, ஆனால் பகலில் நீண்ட இடைவெளி விழும். நாள் வாடகைக்கு ஒரு ஆட்டோ பேசிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஏறும் முன்பே எந்தெந்த ஊர், எத்தனை மணி வரை, காத்திருப்புக்கு எவ்வளவு என்று மூன்றையும் பேசிவிடுங்கள். “பாத்துக் குடுங்கண்ணே” என்று அவர் சொன்னால் சம்மதிக்காதீர்கள். மாலையில் அந்தப் பேச்சு வேறு மாதிரி முடியும்.

போகிற வழியில் கோட்டையூர் வரும். வள்ளல் அழகப்பச் செட்டியாரின் ஊர் அது. ரோஜா முத்தையா தன் வாழ்நாள் முழுவதும் தமிழ்ப் புத்தகங்களும் பத்திரிகைகளும் நோட்டீசுகளும் சேர்த்து வைத்ததும் அங்கேதான். இன்றைக்கு அந்தச் சேகரிப்பு சென்னையில் நூலகமாக இருக்கிறது. இறங்கிப் பார்க்க எதுவும் இல்லை, தெரிந்துகொண்டு கடந்து போகலாம்.

முதல் காலை: உள்ளே போகாமல் தெருவில் நடங்கள்

கானாடுகாத்தானில் காலை ஏழு மணிக்கு நடக்கத் தொடங்குங்கள். தெருக்கள் கயிறு கட்டி இழுத்தது போல நேராக ஓடும், குறுக்குத் தெருக்களும் அப்படியே. ஒரு வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். நடுவில் உள்ள அத்தனையும் ஒரே வீடு. இதை நம்ப வேண்டுமானால் முன்வாசலிலிருந்து சுற்றிப் பின்வாசல் வரை நடந்து பாருங்கள்.

பிறகு நிமிர்ந்து பாருங்கள். மாடி விளிம்பில் கஜலட்சுமி இருப்பாள், பக்கத்திலேயே துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய் நிற்பான், எல்லாம் சுதை. முகப்பில் சில வீடுகளில் நான்கைந்து எழுத்துகள் வரிசையாக இருக்கும். அதை ‘விலாசம்’ என்பார்கள். தாத்தா, அப்பா, மகன் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்து அந்தக் குடும்பத்துக்கும் அதன் கடைக்கும் அடையாளமானவை. பர்மாவில் ஒருவர் கடன் வாங்கினால் அந்த விலாசத்தின் பெயரில்தான் வாங்கினார்.

ஆமாம், பர்மா. இவ்வளவு பெரிய வீடு இந்தப் பொட்டலில் எப்படி என்று எல்லோரும் கேட்பார்கள். பதில் ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அங்கே நெல் சாகுபடி பெருகியபோது விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தவர்கள் நகரத்தார். இலங்கை, மலேயா, சைகோன் என்று தொழில் விரிந்தது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலம் இவர்கள் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் விளைநிலத்தில் கால்வாசி இவர்களிடம் இருந்தது என்றால் பாருங்கள். 1942-இல் ஜப்பான்காரன் உள்ளே வந்ததும் கால்நடையாகத் தப்பி வந்தவர்கள் உண்டு. பிறகு நிலமும் திரும்பவில்லை, பணமும் திரும்பவில்லை. பெரிய வீடுகள் கட்டுவது அத்தோடு ஏறக்குறைய நின்றது. நீங்கள் பார்க்கும் வீடுகளில் பெரும்பாலானவை அதற்கு முந்திய தொண்ணூறு, நூறு ஆண்டுகளில் எழுந்தவை.

தெரு முடிகிற இடத்தில் ஊரணி இருக்கும். அதையும் நின்று பாருங்கள். மழைநீர் வாய்க்கால் வழியாக அங்கே போய்ச் சேரும்படிதான் ஊரையே அமைத்திருக்கிறார்கள். ஆறு கிடையாது, ஊரணிதான் உயிர். குடிநீர் ஊரணியில் கால் நனைக்கக்கூடப் பழைய ஆட்கள் விடமாட்டார்கள். போட்டோ எடுக்கலாம், இறங்காதீர்கள்.

செட்டிநாட்டு அரசர் என்று பட்டம் பெற்ற ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் குடும்பத்தின் அரண்மனையும் கானாடுகாத்தானில்தான். உள்ளே விடுவது அந்தக் குடும்பத்தின் விருப்பம், ஆகவே வெளியிலிருந்து பார்ப்பதாகவே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே காட்டும் வீடுகள் இருக்கின்றன. ஆட்டோக்காரருக்குத் தெரியும்.

வீட்டுக்குள் என்ன பார்ப்பது

வெளித்திண்ணையில் தொடங்குங்கள். தெருவிலிருந்து நாலைந்து படி ஏறித்தான் அதற்கு வர வேண்டும். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதைக் கண்டு வந்தவர்கள் நகரத்தாரின் முன்னோர், அந்தப் பயத்தில்தான் இத்தனை உயரம் என்று கதை சொல்வார்கள். கதை எப்படியோ, உயரம் உண்மை. நிலைக்கதவில் தேக்குச் செதுக்கு வேலைக்கு மட்டும் பத்து நிமிடம் கொடுங்கள். தேக்கு பர்மாவுடையது.

உள்ளே நுழைந்ததும் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், அதை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அறை. இவ்வளவு பெரிய மாளிகையில் இவ்வளவு சிறிய அறையா என்று தோன்றும். அந்த அறையில் சாமான் செட்டு, நகை, சீர்வரிசை வைத்துப் பூட்டுவார்கள். வாழ்வது எல்லாம் வளவில். அதற்கும் பின்னால் இரண்டாம் கட்டு, அடுப்படி, கிணறு.

சுவரைத் தொட்டுப் பாருங்கள் (வீட்டாரைக் கேட்டுவிட்டு). மே மாதத்திலும் குளிர்ச்சியாக, பீங்கான் தட்டின் அடிப்புறம் போல வழுவழுப்பாக இருக்கும். சுண்ணாம்பு, மணல், கடுக்காய், கருப்பட்டி, மேல் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு. அடுக்கடுக்காகப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பளபளப்பு அது. பெயின்ட் அடித்த சுவரைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் மனசு சங்கடப்படும். கீழே இருக்கும் பூச்சு இனி மூச்சு விட முடியாது.

மழை பெய்யும்போது நான்கு பக்க ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் முற்றத்துக்குள் விழும். மூலைகளில் அண்டா வைத்துப் பிடிப்பார்கள், மிச்சம் வாய்க்காலில் ஓடி ஊரணிக்குப் போகும். ஒரு ஐப்பசி மாலையில் அப்படி ஒரு வளவில் உட்கார்ந்திருந்தேன். நான்கு பக்கமும் தண்ணீர் திரை கட்டியது, யார் பேசினாலும் கேட்கவில்லை. வீட்டு ஆச்சி கையால் சைகை செய்து காபியை நீட்டினார்.

இன்னொன்று. பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பார்த்து “யாரும் இல்லாத வீடு” என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வீட்டுக்கு முப்பது, நாற்பது பங்காளிகள் இருப்பார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது) என்றால் எல்லோரும் வந்து இறங்குவார்கள், வீடு நிரம்பிவிடும். மற்ற நாளில் ஒரு காவல்காரர் மட்டும் கூட்டிப் பெருக்கி விளக்கேற்றுவார். அவரிடம் “ஐயா, முகப்பு வரைக்கும் பார்த்துக்கலாமா?” என்று கேளுங்கள். பாதிப் பேர் சரி என்பார்கள். மாட்டேன் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். பங்காளிகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். உள்ளே விட்டால் ஏதாவது கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். பந்தல் போட்டு மேளம் கேட்கும் வீட்டுக்குள் காமிராவோடு நுழையாதீர்கள். அவர்களே கூப்பிட்டால் சாப்பிடாமல் வராதீர்கள்.

பெரியவர்களை எப்படிக் கூப்பிடுவது? நகரத்தார் வீட்டுப் பெண்மணியை ‘ஆச்சி’ என்றால் சரி. சென்னைப் பழக்கத்தில் ‘ஆன்டி’ என்றால் முகம் கொஞ்சம் சுருங்கும்.

ஆத்தங்குடி: கண்ணாடியில் பிறக்கும் தரைக்கல்

இங்கே நான் பட்ட அவதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆத்தங்குடியில் ‘பெரிய வீடு’ என்று ஒரு புகழ்பெற்ற வீடு இருக்கிறது, கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுவார்கள். உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போனபோது வழி தவறி வேறொரு ஊரில் நுழைந்துவிட்டேன். “பெரிய வீடு எங்கேப்பா?” என்று ஒரு பையனைக் கேட்டேன். அவன் சைக்கிளை மிதித்துக்கொண்டே வழிகாட்டினான். பெரிய வீடுதான். உள்ளே ஒரு ஆச்சி எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்து, எந்த ஊர், என்ன வேலை என்று விசாரித்து, அரை மணி நேரம் கழித்துத்தான் கேட்டார்: “தம்பி, நீங்க யாரைப் பார்க்க வந்தீங்க?” எல்லா ஊரிலும் ஒரு பெரிய வீடு உண்டு. ஊர்ப் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஆத்தங்குடியில் தவறவிடக் கூடாதது கல் பட்டறை. நாங்கள் இதை ‘ஆத்தங்குடிக் கல்’ என்போம், டைல்ஸ் என்றாலும் புரியும். காலை பத்து மணிக்குப் போனால் வேலை நடக்கும்.

தொழிலாளி முன்னால் ஒரு சதுரக் கண்ணாடி. அதைத் துடைத்து, மேலே இரும்புச் சட்டம் வைத்து, அதற்குள் பூ வடிவத் தகட்டு அச்சை இறக்குகிறார். பக்கத்தில் டப்பாக்களில் சிமென்ட்டோடு நிறப்பொடி கலந்த குழம்பு, மோர்க்குழம்பு பதத்தில். சின்னக் கரண்டியால் ஒவ்வொரு கண்ணறையிலும் ஒவ்வொரு நிறத்தை ஊற்றுகிறார். சிவப்பு, மஞ்சள், பச்சை. பிறகு அச்சை நேராக மேலே தூக்குகிறார். நிறங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன, கலக்கவில்லை. கை ஒரு நூல் ஆடினாலும் பூ கலைந்துவிடும். அதன் மேல் சிமென்ட்டும் மணலும் கலந்த உலர்ந்த தூள், அதற்கு மேல் ஈரக் கலவை, கரணையால் ஒரு தேய்ப்பு. முடிந்தது. மறுபடி அடுத்த கண்ணாடி.

சூளை கிடையாது, நெருப்பே கிடையாது. ஒரு நாள் காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறும். பிறகு கண்ணாடியைப் பிரித்தால் அதன் வழுவழுப்பு கல்லில் ஏறியிருக்கும். மிதிக்க மிதிக்கப் பளபளப்பு கூடும். நூறு வருடம் நடந்த வீட்டுத் தரையை அடுத்து பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வாங்க ஆசை வந்தால் அங்கேயே அளவும் எண்ணிக்கையும் சொல்லி ஆர்டர் கொடுங்கள், லாரியில் அனுப்புவார்கள். ரயிலில் தூக்கிக்கொண்டு போகலாம் என்று நினைக்க வேண்டாம், பத்துக் கல்லுக்கே தோள் இறங்கிவிடும். ஒட்டுவதற்கும் பழக்கப்பட்ட கொத்தனார் வேண்டும். சாதாரண டைல்ஸ் போல மெஷினில் தேய்த்தால் நிறமே போய்விடும்.

கோயில்கள், மதிய நேரம்

நகரத்தாருக்கு ஒன்பது நகரக் கோயில்கள்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. எந்தக் கோயில் என்பதுதான் குலம், பொதுவாக ஒரே கோயிலார் தங்களுக்குள் பெண் எடுப்பதில்லை. எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. சிற்பம் பிடிக்கும் என்றால் இரணியூர். கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்றால் பிள்ளையார்பட்டி. அங்கே குன்றைக் குடைந்து வடித்த கற்பக விநாயகர், இரண்டே கை, வலம்புரித் துதிக்கை. விடுமுறை நாளில் வரிசை நீளும், காலை ஆறரைக்குள் போய்விடுங்கள். அங்கிருந்து சிறிது தூரத்தில் குன்றக்குடி, மலை மேல் சண்முகநாதர். மலையின் மேற்கு அடிவாரத்தில் குடைவரைகள் இருக்கின்றன, பெரும்பாலோர் படியேறிவிட்டு அவற்றைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

கோயில்கள் மதியம் நடை சாத்திவிடும், மாலை நாலு மணிக்கு மேல்தான் திறக்கும். எனவே காலை கோயில், வெயில் நேரம் வீடும் பட்டறையும், சாயங்காலம் தெரு. இந்த வரிசையை மாற்றினால் பூட்டிய கோபுர வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பட்டாசு வெடிக்காத ஊர்

மதுரையிலிருந்து காரில் வருகிறீர்கள் என்றால் திருப்பத்தூருக்கு முன்னால் கொல்லுகுடிப்பட்டியில் ஒரு மணி நேரம் இறங்குங்கள். வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் அதுதான். 1977-இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 38 ஹெக்டேர் சொச்சம்தான். மழைக்குப் பிறகு கண்மாய் நிறைந்தால் நத்தை குத்தி நாரை, அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, உண்ணிக்கொக்கு எல்லாம் கூடு கட்டும். குஞ்சுகள் மிரளும் என்று ஊர்க்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அதற்காக வனத்துறை ஊருக்கு இனிப்பு கொடுக்கும். மழை பொய்த்த வருடம் போனால் கண்மாய் வறண்டிருக்கும், பறவையும் இருக்காது. முதலில் யாரையாவது கேட்டுவிட்டுப் போங்கள். காரில் ஹாரன் அடிக்காதீர்கள்.

சாப்பாடு, அப்புறம் சாமான்

‘செட்டிநாடு’ என்று போர்டு மாட்டிய ஓட்டல்களில் மிளகாய்த் தூளை அள்ளிப் போட்டு ஏமாற்றுவது தமிழ்நாடு முழுக்க நடக்கிறது. வீட்டுச் சமையலில் காரம் அளவோடுதான் இருக்கும், மணம்தான் முன்னால் வரும். கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ போட்டு அப்போது அரைத்த மசாலா. காலையில் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும் கிடைத்தால் விடாதீர்கள். இட்லிக்குக் கோசமல்லி கேளுங்கள். கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் சேர்ந்த அந்தக் குழைவான தொட்டுக்கை எல்லா இடத்திலும் கிடைக்காது. கவுனி அரிசி இனிப்பு, பர்மாவிலிருந்து வந்த கறுப்பரிசி, கட்டாயம் ஒரு கரண்டி. பழைய வீட்டு விடுதிகளில் மதியச் சாப்பாட்டுக்கு முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும். ஒருமுறை சொல்லாமல் நாலு பேரோடு போய் நின்று, ரசமும் அப்பளமும் சாப்பிட்டு வந்தேன். குறை சொல்ல வாயில்லை.

கண்டாங்கிச் சேலை காரைக்குடியில் தறியில் நெய்தது. கட்டம் போட்ட பருத்தி, கனமாக இருக்கும், துவைக்கத் துவைக்க மிருதுவாகும். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பனையோலையில் முடையும் கொட்டான் எடையே இல்லை, பெட்டியில் ஓரமாகக் கிடக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பித்தளை, எனாமல் தூக்குச்சட்டி, பழைய விளம்பரத் தகடு எல்லாம் கிளறலாம், பேரம் பேசலாம். தேக்குத் தூணும் நிலைக்கதவும் அங்கே சாய்த்து வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு வாங்கத் தோன்றாது. எங்கோ ஒரு வீட்டை இடித்த பிறகுதான் அது தெருவுக்கு வந்திருக்கும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிற்பத்தையும் செதுக்கு வேலையையும் வெளிநாட்டுக்கு எடுத்துப் போகச் சட்டம் விடாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பலகாரத்தைக் கடைசி நாள் மாலையில் வாங்குங்கள். தேன்குழல், மனகோலம், மாவுருண்டை, அதிரசம் எல்லாம் பயணத்தைத் தாங்கும். சீப்புச்சீடை தாங்காது. அதை மட்டும் டப்பாவில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு போங்கள். பெட்டிக்கு அடியில் வைத்த என் நண்பர் தாம்பரம் தாண்டியதும் திறந்து பார்த்துவிட்டு, ஸ்பூன் இருக்கிறதா என்று பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்டாராம்.